கல்யாண வீடியோ எடுக்கப் போறீங்களா? டீசர், கேண்டிட், ரா என்றால் என்ன? அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிஞ்சுக்குங்க!

தாம்பரம்:-

மண்டபம் பிடித்தாச்சு. சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பத்திரிகையும் அச்சுக்கு போயாச்சு. அடுத்து வீடியோக்காரரை பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்டூடியோ படி ஏறுகிறார்கள். அங்கே கையில் கொடுக்கும் ஒரு பக்க கொட்டேஷனை பார்த்ததும் தலை சுற்றுகிறது.

‘2 டிரெடிஷனல், 1 கேண்டிட், டீசர், ஹைலைட்ஸ், டிரோன், எல்.இ.டி. வால், ரா எக்ஸ்ட்ரா’ என்று வரிசையாக எழுதி இருக்கும். இதில் எது வேண்டும், எது வேண்டாம்? கேட்டால் “இதுகூட தெரியாதா”ன்னு நினைப்பாங்களோ என்ற கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டு, அட்வான்சை கொடுத்துவிட்டு வந்து விடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சாம்பாரில் உப்பு குறைந்தால் அடுத்த பந்தியில் சரி செய்யலாம். மாலை வாடினால் வேறு மாலை வாங்கலாம். ஆனால் தாலி கட்டும் காட்சி சில வினாடிகளில் முடிந்து விடும். அதை கோட்டை விட்டால் ரீடேக் கிடையாது.

ஜி.எஸ்.டி. ரோடு, முடிச்சூர் ரோடு, சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று தென்சென்னை புறநகரில் ஸ்டூடியோக்களுக்கு பஞ்சம் இல்லை. நாணயமாக தொழில் செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரே வார்த்தையை ஸ்டூடியோக்காரர் ஒரு மாதிரியும், கல்யாண வீட்டார் வேறு மாதிரியும் புரிந்து கொள்வதால்தான் பல சண்டைகள் வருகின்றன. அந்த வார்த்தைகளின் விவரம் வருமாறு:-

கேசட்டில் இருந்து சினிமா வரை

அப்போதெல்லாம் ஒரு கேமரா, கண்ணை கூசும் லைட்டை தூக்கி பிடிக்க ஒரு பையன், ஒரு வி.எச்.எஸ். கேசட். அவ்வளவுதான் கல்யாண வீடியோ. ரோஜா பூவுக்குள் பெண் முகம், இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம், பின்னணியில் சினிமா பாட்டு என்று மிக்சிங் செய்து கொடுப்பார்கள். பந்தியில் சாப்பிட்டவர்கள் வரை எல்லோரும் அதில் இருப்பார்கள்.

2008-ல் கேனன் நிறுவனத்தின் 5டி மார்க் 2 கேமரா வந்தது. போட்டோ கேமராவிலேயே முழு எச்.டி. வீடியோ எடுக்க முடிந்தது. பின்னால் இருப்பது மங்கலாகி, ஆள் மட்டும் பளிச்சென்று தெரியும் சினிமா தோற்றம் கல்யாண வீட்டுக்கும் வந்தது. அதன் பிறகு வீடியோ, ‘வெட்டிங் பிலிம்’ ஆனது. புது புது வார்த்தைகளும் கூடவே வந்தன.

டிரெடிஷனல் வீடியோ

நடப்பதை நடந்தபடியே முழுசாக எடுப்பது. கேமரா மேடைக்கு நேராக ஸ்டாண்டில் நிற்கும். நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு, ரிசப்ஷன், முகூர்த்தம், மேடை ஏறி மொய் கொடுப்பவர்கள் என்று எல்லாமே பதிவாகும். எடிட் செய்த பிறகும் 2 மணி, 3 மணி நேரம் ஓடும். கேட்பதற்கு பழைய சமாச்சாரம் போல இருந்தாலும், வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இருப்பது இதில்தான்.

கேண்டிட் வீடியோ

போஸ் கொடுக்க சொல்லாமல், தெரியாமல் எடுப்பது. அப்பா கண்ணை துடைப்பது, தோழிகள் கிண்டல் செய்வது, மாப்பிள்ளை வியர்வையை ஒற்றுவது போன்றவை இதில் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துண்டு துண்டாகத்தான் இருக்கும். சடங்கு முழுவதும் வராது.

“டிரெடிஷனலே வேணாம், கேண்டிட் மட்டும் போதும்” என்று சில ஜோடிகள் சொல்லி விடுகிறார்கள். பிறகு வீட்டு பெரியவர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து, “தாரை வார்த்தது எங்கே? அம்மி மிதிச்சது எங்கே? சித்தப்பா வந்தாரே, அவரை காணோமே?” என்று கேட்கும்போது பதில் இருக்காது. பணம் குறைவாக இருந்தால் டிரோன், கிரேனை வெட்டலாம். ஒரு டிரெடிஷனல் கேமராவை வெட்டக்கூடாது.

டீசர், ஹைலைட்ஸ், பிலிம்

3-ம் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். டீசர் என்பது வழக்கமாக 1 நிமிடம் ஓடும் முன்னோட்டம். ஹைலைட்ஸ் என்பது ஒரு பாட்டு நேரத்துக்கு, 3 முதல் 8 நிமிடம் வரை ஓடும். வெட்டிங் பிலிம் என்பது பேச்சு, மந்திரம், மேளத்தோடு 15 நிமிடத்தில் இருந்து அரை மணி நேரம், அதற்கு மேலும் போகும். ரீல்ஸ் என்பது செல்போனில் பார்க்க நெட்டுக்குத்தாக வெட்டிய துண்டு.

இந்த நிமிட கணக்கு எல்லாம் ஊர் வழக்கம்தான். சட்டம் எதுவும் இல்லை. ஒரு ஸ்டூடியோவின் ஹைலைட்ஸ் இன்னொரு ஸ்டூடியோவில் பிலிம் ஆகி விடும். எனவே பெயரை பார்க்காமல், எத்தனை நிமிடம் என்று நம்பரை எழுதி வாங்க வேண்டும். முழு நீள வீடியோ தனியாக உண்டா என்றும் கேட்க வேண்டும். ஹைலைட்ஸ் மட்டும் என்று ஒத்துக்கொண்டால், 2 நாள் கல்யாணத்தில் கையில் வருவது சில நிமிடங்கள்தான்.

ரா புட்டேஜ்

அதிகம் தகராறு வரும் வார்த்தை இது. வெட்டாமல், ஒட்டாமல், கலர் மாற்றாமல் கேமராவில் பதிவான அத்தனை காட்சியும் ‘ரா’. எடிட்டர் கழித்து போட்டதும் இதில் இருக்கும். மேடைக்கு கீழே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போடும் பாட்டி ஹைலைட்சில் வர மாட்டார். ராவில் இருப்பார். நாளைக்கு அந்த பாட்டி இல்லாத வீட்டில் அந்த அரை நிமிடத்தின் மதிப்பே வேறு.

சில ஸ்டூடியோக்கள் ராவை சும்மாவே தருவார்கள். சிலர் தனி காசு கேட்பார்கள். சிலர் தருவதே இல்லை. வீடியோவை ஒப்படைத்த சில மாதத்தில் அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று அழித்து விடுபவர்களும் உண்டு. ரா உண்டா, எவ்வளவு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று 3 கேள்வியையும் முதல் நாளே கேட்க வேண்டும்.

ரா வாங்குவதற்கு பெரிய ஹார்டு டிஸ்க் வேண்டும். 4கே வீடியோவை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் 1 மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 2 கேமரா 8 மணி நேரம் ஓடினால் 720 ஜி.பி. அதாவது 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் பெரும் பகுதி நிறைந்து விடும். ஒரு டி.வி.டி.யில் பிடிப்பது வெறும் 4.7 ஜி.பி.தான். ஹார்டு டிஸ்க் யார் செலவு என்பதையும் பேசி விடுவது நல்லது.

4கே, எச்.டி., ஸ்லோ மோஷன்

முழு எச்.டி. படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் இருக்கும். 4கே படத்தில் 3840-க்கு 2160. அதாவது 4 மடங்கு புள்ளிகள். பெரிய டி.வி.யில் பார்க்க 4கே நல்லது. ஆனால் 4கேயில் எடுத்து எச்.டி.யில் கொடுப்பதும் நடக்கிறது. ‘எடுப்பது எதில், கொடுப்பது எதில்’ என்று 2 கேள்வியாக கேட்க வேண்டும்.

ஸ்லோ மோஷனுக்கு வினாடிக்கு அதிக படங்கள் எடுக்க வேண்டும். 100 படம் எடுத்து 25 படம் வேகத்தில் ஓட்டினால் 4 மடங்கு மெதுவாக தெரியும். அட்சதை தூவுவது அழகாக இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனில் எடுத்தால் பேச்சும் மந்திரமும் சேர்த்து கொடுக்க முடியாது. தாலி கட்டுவதை ஒரு கேமராவாவது சாதாரண வேகத்தில் சத்தத்தோடு எடுக்க வேண்டும்.

கிம்பல், கிரேன்

கிம்பல் என்பது கேமராமேன் நடந்தாலும் படம் ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி கருவி. கிரேன் அல்லது ஜிம்மி ஜிப் என்பது நீளமான கையில் கேமராவை கட்டி மேலே தூக்குவது. பெரிய மண்டபம் என்றால் சரி. 200 பேர் உட்காரும் சின்ன மண்டபத்தில் கிரேன் வைத்தால் முன் வரிசை நாற்காலிகள் போய் விடும். மேடையை மறைப்பதாக உறவினர்கள் சத்தம் போடுவார்கள்.

டிரோன்: தாம்பரத்தில் உஷார்!

ஹெலிகேம் என்று சொல்லப்படும் டிரோன் விஷயத்தில் இந்த பகுதி மக்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படை நிலையம். இரண்டுக்கும் நடுவில்தான் பல மண்டபங்கள் இருக்கின்றன.

மத்திய அரசின் 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி வான்பகுதி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டு உள்ளது. சிவப்பு பகுதியில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடாது. மஞ்சள் பகுதிக்கு விமான போக்குவரத்து கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். பச்சை பகுதியில் 400 அடி உயரம் வரை அனுமதி தேவை இல்லை. மண்டபம் எந்த பகுதியில் வருகிறது என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் பார்க்கலாம்.

250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை தொழிலுக்கு பயன்படுத்துபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். “சின்ன டிரோன்தான், ஒண்ணும் ஆகாது” என்று சொன்னாலும் சிவப்பு பகுதி கட்டுப்பாடு அதற்கும் உண்டு. விதியை மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, அனுமதி கிடைக்காவிட்டால் அந்த தொகை கழியுமா என்று எழுதி வாங்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் போலீசுக்கு பதில் சொல்லிக்கொண்டு நிற்கக்கூடாது.

ஆடியோ

கொட்டேஷனில் இந்த வார்த்தை பெரும்பாலும் இருக்கவே இருக்காது. கேமராவில் உள்ள மைக் தூரத்து பேச்சை பிடிக்காது. கெட்டிமேளம், மண்டப ஸ்பீக்கர், மேலே போகும் விமானம், பக்கத்தில் போகும் மின்சார ரெயில் எல்லாம் சேர்ந்து ஐயர் சொல்லும் மந்திரத்தை அமுக்கி விடும். சர்ச் கல்யாணத்தில் வாக்குறுதி சொல்வதும், நிக்காஹ்வில் சம்மதம் கேட்பதும் காதில் விழாவிட்டால் வீடியோவுக்கு அர்த்தமே இல்லை.

சட்டையில் மாட்டும் சின்ன காலர் மைக் அல்லது மைக்செட்டில் இருந்து நேரடி ஒயர் இணைப்பு உண்டா என்று கேட்டால் போதும். சத்தம் நன்றாக வந்து விடும்.

எல்.இ.டி. வால், லைவ்

மேடையில் நடப்பதை பெரிய திரையில் காட்டுவது எல்.இ.டி. வால். 2, 3 கேமரா காட்சிகளை அங்கேயே மாற்றி மாற்றி காட்டுவது லைவ் மிக்சிங். துபாய், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் செல்போனில் பார்க்க யூடியூப்பில் விடுவது லைவ் ஸ்டிரீமிங். இதற்கு மண்டபத்தில் இன்டர்நெட் நன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் முன்பே போய் சோதித்து பார்க்க சொல்லுங்கள்.

பிரீ வெட்டிங்

கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாக வெளியே போய் எடுப்பது பிரீ வெட்டிங் ஷூட். முடிந்த பிறகு எடுப்பது போஸ்ட் வெட்டிங். வண்டி வாடகை, சாப்பாடு, மேக்கப், இடத்துக்கான கட்டணம் யாருடையது என்பதில்தான் கணக்கு இடிக்கும். மாமல்லபுரம் புராதன சின்னங்கள் மத்திய தொல்லியல் துறை வசம் உள்ளன. தொழில்முறை கருவிகளோடு படம் எடுக்க அனுமதி வேண்டும். திருநீர்மலை, குன்றத்தூர் போன்ற கோவில்களில் கல்யாணம் என்றால் கேமரா எதுவரை போகலாம் என்று கோவில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்பது நல்லது. முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் நிற்கும் இடத்தில் 4 கேமரா நுழையாது.

பாட்டு போட்டால் பிரச்சினையா?

கல்யாணத்தில் பாட்டு ஒலிபரப்ப பதிப்புரிமை சட்டத்தில் விலக்கு உண்டு. கல்யாண ஊர்வலம், அதை சேர்ந்த நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும் என்று மத்திய அரசு 2023 ஜூலையில் தெளிவுபடுத்தியது. ஆனால் அதே சினிமா பாட்டை ஹைலைட்சில் சேர்த்து யூடியூப்பில் போட்டால் கதை வேறு. பாட்டு நிறுவனம் உரிமை கோரினால் வீடியோவின் சத்தம் போகலாம், வீடியோவே முடங்கலாம். வீட்டில் பார்க்க சினிமா பாட்டு பதிப்பு ஒன்று, வெளியே போட லைசென்ஸ் வாங்கிய இசையோடு ஒன்று என்று 2-ஆக கேட்டு வாங்கலாம்.

நடிகை நயன்தாரா - டைரக்டர் விக்னேஷ் சிவன் கல்யாணம் 2022 ஜூன் 9-ந்தேதி மாமல்லபுரத்தில் நடந்தது. அந்த காட்சிகள் அடங்கிய படம் 2024 நவம்பர் 18-ந்தேதி நெட்பிளிக்சில் வெளியானது. அதில் ‘நானும் ரவுடிதான்’ படப்பிடிப்பில் எடுத்த காட்சியை பயன்படுத்தியதாக, அந்த படத்தை தயாரித்த நடிகர் தனுஷ் தரப்பில் ரூ.10 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. அது வெறும் 3 வினாடி காட்சி என்று நயன்தாரா பகிரங்க கடிதம் வெளியிட்டார். விவகாரம் சென்னை ஐகோர்ட்டு வரை போனது. சில வினாடி காட்சிக்கும் சொந்தக்காரர் உண்டு என்று ஊருக்கே தெரிந்தது அப்போதுதான்.

வீடியோ யாருக்கு சொந்தம்?

இதற்கு 1957-ம் ஆண்டு பதிப்புரிமை சட்டத்தின் 17-வது பிரிவில் பதில் இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, தனக்காக போட்டோவோ படமோ எடுக்க சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கே. ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்பதை கவனிக்க வேண்டும். கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘உரிமை ஸ்டூடியோவுக்கே’ என்று இருந்து, கீழே கையெழுத்து போட்டால் அது மாறி விடும்.

மணப்பெண் படத்தை ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரத்துக்கு போடுவதும் இப்படித்தான். இஷ்டம் இல்லாவிட்டால் ‘எங்களை கேட்காமல் எதிலும் போடக்கூடாது’ என்று ஒரு வரி எழுத சொல்ல வேண்டும். தயக்கமே வேண்டாம்.

ஆள் மாறாட்டம்

தை, ஆவணி போன்ற மாதங்களில் நல்ல முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் ஒரு ஸ்டூடியோவுக்கு 3, 4 ஆர்டர் வரும். கடையில் பார்த்து பேசியவர் ஒருவர், காலை 4 மணிக்கு மண்டபத்துக்கு வருபவர் இன்னொருவர். வருபவர் புது பையனாக இருந்தால் ‘சாம்பிள்’ காட்டிய வேலை கிடைக்காது. யார் வருவார், எத்தனை பேர், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை என்று பெயரோடு எழுத வேண்டும். நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதும் முக்கியம்.

சாம்பிள் பார்க்கும்போது 1 நிமிட டீசரை பார்த்து மயங்கி விடக்கூடாது. ஒரே கல்யாணத்தின் முழு வீடியோவை காட்ட சொல்லுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ரிசப்ஷன் எப்படி வந்திருக்கிறது, பேச்சு காதில் விழுகிறதா என்று பாருங்கள்.

பேப்பரில் இருக்க வேண்டியவை

தேதி, மண்டபம், நேரம். கேமரா எண்ணிக்கை, வருபவர் பெயர். டிரெடிஷனல், ஹைலைட்ஸ், பிலிம் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம். ரா உண்டா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள். எத்தனை முறை திருத்தம் சொல்லலாம். எந்த தேதிக்குள் கொடுப்பார்கள். பணம் எத்தனை தவணை. கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும். காட்சி தொலைந்தால் என்ன பரிகாரம்.

ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு வரி 18 சதவீதம். ரூ.1 லட்சம் என்று பேசி விட்டு கடைசியில் ரூ.1 லட்சத்து 18 ஆயிரம் கேட்டால் மனசு கசக்கும். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன ஸ்டூடியோக்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியது இல்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது.

முழு பணத்தையும் கல்யாண நாளிலேயே கொடுத்து விடக்கூடாது. ஒரு பகுதியை வீடியோ கையில் வந்த பிறகு தருவதாக பேசுவதே இரு தரப்புக்கும் நல்லது. அதே போல பேசிய பணத்தை பேசிய நாளில் கொடுத்து விட வேண்டும். கேமராமேனுக்கும் வாடகை, சம்பளம், சாப்பாடு உண்டு. ராத்திரி முழுக்க நின்றவரை காலை டிபனுக்கு கூப்பிட மறந்து விடாதீர்கள்.

ஏமாந்தால் எங்கே போவது?

வீடியோ தராமல் இழுத்தடித்தாலோ, தொலைத்து விட்டாலோ அது சேவை குறைபாடு. இது போன்ற வழக்குகளில் நுகர்வோர் கோர்ட்டுகள் நஷ்டஈடு வாங்கி கொடுத்து உள்ளன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு போகலாம்.

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்கள் 2019-ல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகின்றன. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். கொட்டேஷன், பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்-அப் பேச்சு எல்லாமே சாட்சி. வாயால் பேசியதற்கு சாட்சி தேடுவதுதான் கஷ்டம்.

கையில் வந்த பிறகு

பென்டிரைவ் கிடைத்ததும் பீரோவில் பூட்டி வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. வி.எச்.எஸ். கேசட்டை பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஓட்டி பார்க்க வி.சி.ஆர். இல்லை. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் பூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தி விட்டது. கேசட் இருப்பவர்கள் பூஞ்சை பிடிக்கும் முன் கம்ப்யூட்டருக்கு மாற்றி விடுவது நல்லது.

புது வீடியோவை 3 காப்பி எடுக்க வேண்டும். ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று இன்டர்நெட் சேமிப்பில், ஒன்று பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தை பார்த்தவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே பீரோவில் வைக்கக்கூடாது என்று சொல்லி தர வேண்டியது இல்லை.

அடுத்த முறை ஸ்டூடியோ படி ஏறும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, முழு வீடியோ எத்தனை மணி நேரம் வரும்? ரா யார் கையில இருக்கும்? இதை எழுதி கொடுத்துடுங்க.” சிரித்த முகத்தோடு எழுதி கொடுப்பவரிடம் அட்வான்சை கொடுக்கலாம்.